தண்ணீர் விடாய்

பட்டினத்து ஆட்களைப் பற்றி எனக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஒருவன் வீதியில் மயங்கிக் கிடந்தாலும் சுற்றிக்கொண்டு போவார்கள். கேட்டால் அவசர அலுவலாம். அப்படி என்ன கண்டறியாத அவசரமோ, நெடுந்தீவில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த எனக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

எங்கள் ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் குறைவு. மிச்சமெல்லாம் உப்புச் சவர். கோடையில் பெண்கள் குடத்தோடு மைல்கணக்கில் நடந்து அள்ளிவருவார்கள். அப்படி வந்த தண்ணீரென்றாலும், ஒருவன் வாசல் படலையில் நின்று கேட்டால் நீ ஆர், எங்கே போகிறாய், ஏன் கேட்கிறாய் என்று ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. முதலில் தண்ணீர். கதை பிறகு. தண்ணீர் கேட்டவனிடம் காரணம் கேட்பதென்பது எங்களுக்கு அவனைக் கையால் அடிப்பது மாதிரி. யோகம்மா இந்தப் பழக்கத்தோடுதான் பட்டினத்துக்குப் போனாள். போகாமல் விட்டிருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

யோகம்மாவின் புருசன் ஆழ்வாப்பிள்ளை எங்கள் வளவுக்கு ஒரு கல்வேலி தள்ளி இருந்தவன். தோட்டமும் மாடும்தான் சீவியம். பிள்ளைகுட்டி இல்லை. எழுபத்து நாலாம் ஆண்டு மாசி மாதம், கடல் அலையில்லாமல் தாச்சி மாதிரித் தட்டையாகக் கிடந்த ஒரு விடியற்காலையில், வித்த நாம்பன் மாடு ஒன்றை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மாட்டை இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, வள்ளத்தை ஒரு பக்கம் சரித்துப் பிடித்து, கொம்பில் ஒருவர் வாலில் ஒருவராகத் தள்ளி ஏற்றவேண்டும். பழகிய வேலைதான். அன்றைக்கு அந்த நாம்பன் எதைக் கண்டு வெருண்டதோ, ஒரு திமிறுத் திமிறி ஆழ்வாப்பிள்ளையை வள்ளத்தோடு சேர்த்து நெரித்துப்போட்டது. தொடை எலும்பு முறிந்த சத்தம் கரையில் நின்ற எனக்குக் கேட்டது. மாட்டை இறக்கிவிட்டு அவனைத் தூக்கி அதே வள்ளத்தில் கிடத்தினோம்.

வலியில் முகம் கறுத்துப்போய்க் கிடந்தவன் என்னைப் பார்த்து, "மனேச்சர், மாட்டை இறக்கிப்போட்டு என்னை ஏத்திறியள். போற இடத்தில விலை ஒண்டும் பேசிப்போடாதையுங்கோ" என்றான். அவன் அப்படிப்பட்ட ஆள்.

பட்டினத்து ஆசுப்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டி, நுனியில் பாரம் தொங்கவிட்டார்கள். மாதக்கணக்கில் அசையக்கூடாது என்றார்கள். யோகம்மா பெரியகடைப் பக்கத்தில் நெடுந்தீவார் ஒருவர் வைத்திருந்த சுருட்டுக்கடைக்குப் பின்னால் அந்தக் குடும்பத்தோடு படுத்துக்கொண்டாள். விடிந்தால் வாட்டுக்கு வந்துவிடுவாள். பார்வையாளர் நேரம் முடிந்து மணியடித்து எல்லாரையும் கலைத்தாலும், தீவுக்காரி, போய்வர வசதியில்லாதவள் என்று அவளை மட்டும் வாட்டு நேர்ஸ் மிஸ்ஸி கண்டும் காணாமல் விட்டாள்.

சில கிழமை கழித்து நான் ஒரு போத்தல் நெய்யும் ஒடியல்மாவும் கொண்டு பார்க்கப் போனேன். ஆழ்வாப்பிள்ளையின் கட்டிலடியில் யோகம்மா இல்லை.

"எங்கையப்பா மனுசி?"

"அவவோ? அங்கை பாரும். ஊர்க்கோலம் போறா."

திரும்பிப் பார்த்தேன். நாலு கட்டில் தள்ளி ஒரு கிழவருக்குத் துப்பல் சட்டியை ஏந்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். மெலிந்த, உயரமான, பல்லுக் கொஞ்சம் முன்தள்ளிய மனுசி. ஊரில் எந்தச் சாவீட்டுக்கும் எந்தப் பிள்ளைப்பேற்றுக்கும் கேட்காமலே போய் நிற்பவள்.

"ஆர் அந்தக் கிழவர்? சொந்தமோ?"

"சொந்தமோ! அரியநாயகமாம். றிட்டயர் பண்ணின கிளாக்கர். மோன் கொழும்பில. ஒரு காக்கை குருவி எட்டிப் பாக்கிறேல்லை. இவ கண்டிட்டா. இனி விடுவாவோ?" ஆழ்வாப்பிள்ளை குரலைத் தணித்தான். "வந்த முதல் நாள் என்ன செய்தவ தெரியுமே? இந்தத் தொங்கலிலயிருந்து அந்தத் தொங்கல் மட்டும் ஒவ்வொரு கட்டிலாப் போய் 'சாப்பிட்டியளோ, சாப்பிட்டியளோ' எண்டு கேட்டவ. ஒருத்தன் மறுமொழி சொல்லவேணுமே! விசரி எண்டு நினைச்சு மூஞ்சையைத் திருப்பிக்கொண்டு படுத்திட்டாங்கள். நான் சொன்னனான், எடி யோகம், இது நெடுந்தீவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு இரு எண்டு."

"இருந்தவவோ?"

"அடுத்த நாளும் கேட்டவ."

ரொட்டிப் பாணுக்குக் கியூ நின்ற பஞ்சகாலம் அது. விடியப் போய் நின்றாலும் ஆளுக்கொரு றாத்தல் கிடைத்தால் அதிட்டம். அப்படிப்பட்ட நாளையில், கை வெட்டுப்பட்டுக் கிடந்த ஒருவனின் மனுசி தனக்குக் கிடைத்த பாணில் பாதியைப் பக்கத்துக் கட்டிலுக்கு நீட்டியதை என் கண்ணால் கண்டேன். ஒரு இளந்தாரி, வாசிக்க ஏலாத கிழவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். யோகம்மா சுடுதண்ணீர் எடுக்கப் புறப்பட்டபோது, "அக்கா நில்லுங்கோ, இண்டைக்கு நான் எடுக்கிறன், அஞ்சாறு பிளாஸ்கையும் தாங்கோ" என்று ஒரு பட்டினத்துப் பெண் எழும்பிப் போனாள். சும்மா சொல்லக்கூடாது, இவர்கள் பட்டினத்து ஆட்கள்தானோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

மிஸ்ஸி வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஆழ்வாப்பிள்ளை, உம்மட மனுசி என்ர வாட்டைக் கலியாணவீடாக்கிப் போட்டா. நாளைக்கு மேளமும் பிடிப்பா போலக் கிடக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கிழவர் அரியநாயகமும் இருமலுக்கிடையில் சிரித்தார்.

பங்குனியில் ஆழ்வாப்பிள்ளைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு பரமலிங்கம் என்றொருவர் வந்தார். அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம். அமைதியான மனுசன். குடலில் ஏதோ அடைப்பு. அவருடைய மனைவி கமலாதேவி முதல் நாள் கட்டிலடியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் இருந்தாளாம். யோகம்மா போய், "பிள்ளை, சாப்பிட்டீரோ?" என்று கேட்டவுடன் பொலுபொலுவென்று அழுதுவிட்டாளாம். கலியாணம் முடித்த நாள் தொட்டு ஒரே தெரு ஒழுங்கையில் குடியிருந்தும், இவருக்குச் சுகமில்லையென்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாதென்றும், அந்த வீட்டுக்காரரின் பெயர்கூடத் தனக்குத் தெரியாதென்றும் சொல்லியிருக்கிறாள். யோகம்மாவுக்கு இது நம்பமுடியாத கதை. "பேர் தெரியாமல் என்னெண்டு பிள்ளை அடுப்புக்கு நெருப்பு வாங்கப் போவியள்?" என்று கேட்டாளாம். அதற்குக் கமலாதேவி அழுகையோடு சிரித்தாளாம். அதிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

பரமலிங்கத்துக்கு ஒப்பரேசன் நடந்தது. மறுநாள், வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். காலை முழுக்க அந்த மனுசன் தண்ணீர் கேட்டது. கமலாதேவி பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துத் துடைத்து, "நாளைக்குத் தருவினம், இண்டைக்கு மட்டும் பொறுங்கோ" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். மத்தியானம் மணியடித்தபோது, "அக்கா, நான் வீட்டை போய் என்ர பெட்டைப் பிள்ளைக்குச் சாப்பிட ஏதும் குடுத்திட்டு வாறன், கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் பரமலிங்கத்துக்குக் காய்ச்சல் ஏறி, அறிவு தப்பி, விடியும்போது ஆள் முடிந்துபோனார்.

மிஸ்ஸி கட்டில்களுக்கு நடுவில் நின்று, "இவருக்கு ஆரும் ஏதும் வாயில குடுத்தனீங்களோ?" என்று கேட்டாள். கிழவர் அரியநாயகம் தலையணையில் நிமிர்ந்திருந்து, "அந்தத் தீவுப் பொம்பிளை குடுத்தவ. நேற்று மத்தியானம். ஒரு செம்பு நிறையப் பருக்கினவ. நான் கண்டனான்" என்றார். எவள் ஏந்திய சட்டியில் துப்பினாரோ, அவளைத்தான் சொன்னார்.

யோகம்மா மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கமலாதேவி தலைவிரிகோலமாக ஓடிவந்து அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து உலுப்பி, "என்ர தாலியை அறுத்துப்போட்டியே! உன்னை நம்பித்தானே விட்டிட்டுப் போனனான்!" என்று வாட்டே அதிரக் கத்தினாள். டொக்டர் வந்து, தண்ணீரால் வந்ததல்ல, உள்ளே குடல் அழுகி நஞ்சேறிவிட்டது, தண்ணீர் குடித்தாலும் குடியாவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும் என்று சொன்னார். அந்த ஒப்பாரிக்குள் அது யார் காதில் விழப்போகிறது?

அதற்குப் பிறகு அந்த வாட்டில் யோகம்மாவின் கையால் ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. சுடுதண்ணீர் பிளாஸ்க்கை நீட்டினால், "வேண்டாம், நாங்கள் எடுப்பம்" என்றார்கள். தெரியாத ஆக்களைக் கிட்ட எடுத்தால் இப்படித்தான், நாங்கள் அப்பவே நினைச்சனாங்கள் என்று அவள் காதுபடவே கதைத்தார்கள். பேப்பர் வாசித்த இளந்தாரி தனக்குள் வாசித்தான். பாணை ஒளித்துவைத்துத் தின்றார்கள். ஆழ்வாப்பிள்ளை காலைத் தொங்கவிட்டபடி கிடந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறான். எழும்பிப்போய் ஒருவனுக்கு ஒரு அறை விட அவனால் ஏலாது.

சித்திரை கழிந்து இரண்டு பேரும் ஊருக்கு வந்தார்கள். அவன் பொல்லோடு. அவள் சும்மாதான் வந்தாள், ஆனால் அவள்தான் நடக்க ஏலாதவள் மாதிரி லோஞ்சுப் படகை விட்டு இறங்கினாள்.

நாளாக ஆறிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். ஆறவில்லை. சாவீட்டுக்குப் போவதை விட்டாள். மாடு கட்டுவாள், பிட்டு அவிப்பாள், மீன் கழுவுவாள், எல்லாம் பேச்சில்லாமல். அதைவிட ஒன்று இருந்தது. அவள் தண்ணீர் குடிப்பதில்லை. அடியோடு இல்லையென்றில்லை. தண்ணீர்ப் பேணியை எடுப்பாள், ஒரு மிடறு குடிப்பாள், வைத்துவிடுவாள். சோளகக் காற்று வீசி, மண் கண்ணைக் கரித்து, வெயில் மண்டையைப் பிளக்கிற ஆனி மாதத்திலும் அந்த ஒரு மிடறுதான். உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஒருநாள் கிணற்றடியில் குடத்தோடு விழுந்துவிட்டாள். பெண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ தண்ணி குடியாட்டில் ஆடி காணமாட்டா" என்று ஆழ்வாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

அடுத்த நாள் ஆழ்வாப்பிள்ளை பொல்லை ஊன்றிக்கொண்டு சங்கக்கடைக்கு வந்தான். சாமான் வாங்க வரவில்லை. சீனிச் சாக்கில் குந்திக்கொண்டு வெகுநேரம் வெளியே பார்த்தான்.

"மனேச்சர், உமக்கு ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுமன்."

"அவ ஒரு செம்பு குடுக்கேல்லை."

"என்ன?"

"அந்தக் கிழவன் பொய் சொன்னவன். தூரத்தில கிடந்தவனுக்கு என்ன தெரியும்? நான் பக்கத்துக் கட்டில். எல்லாம் எனக்கு முன்னாலதான் நடந்தது." அவன் பொல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அந்த மனுசன் கண்ணைத் திறந்து 'அக்கா, தண்ணி' எண்டது. இவ என்னைப் பாத்தா. நான் வேண்டாம் எண்டு தலையை ஆட்டினனான். டொக்டர் சொன்னது இவவுக்கும் தெரியும். ஆனா அந்த மனுசன் திரும்பவும் கேட்டது. கேட்டவனுக்குக் குடாமல் இருக்கிற சாதியே இவ? மூக்குப்பேணியை எடுத்து வாயில வைச்சா. ஒரு மிடறு. ஒரேயொரு மிடறு மனேச்சர். அந்த மனுசன்ர முகத்தில வந்த குளிர்மையை நான் கண்டனான். உடனை 'இன்னும் கொஞ்சம்' எண்டது."

"பேந்து என்ன நடந்தது?"

"வெளியில மிஸ்ஸி வாற சத்தம் கேட்டுது. இவ பயந்துபோனா. பேணியைச் சீலைக்குள்ள மறைச்சுக்கொண்டு, 'காணும் ஐயா, போதும், காணும்' எண்டா. அந்த மனுசன் வாயை ஆவெண்டு திறந்தபடி இவவைப் பாத்துக்கொண்டு கிடந்தது. மிஸ்ஸி போகேல்லை, அங்கையே நிண்டு ஏதோ எழுதிக்கொண்டு நிண்டா. பேந்து காய்ச்சல் ஏறி அறிவு போயிட்டுது. பேச்சில்லை. அவ்வளவுதான்."

கடைசிக் கிடையில் கிடக்கிற சீவனுக்குப் பால் பருக்கி, வாய் நனைத்து அனுப்புகிற ஊர் எங்களுடையது. விடாயோடு ஒருவரைப் போகவிட்டால் அது ஏழு பிறப்புக்கும் விடாது என்று நம்புகிற ஆட்கள்.

"தண்ணி குடுத்து மனுசன் செத்ததெண்டு இவ அழேல்லை மனேச்சர். டொக்டர் சொன்னதை இவ நம்பிறா. 'சாகப்போற மனுசன் வாயைத் திறந்துகொண்டு கேட்டது, நான் பேணியை ஒளிச்சுப்போட்டனே' எண்டுதான் நிண்டு உருகிறா. 'அண்டைக்கு ஒரு மிடறுதான் எண்டு சொல்லியிருக்கலாமே, ஏன் பேசாமல் நிண்டனீ' எண்டு கேட்டன். 'அது என்னைத் தப்ப வைக்கிற கதை, எனக்கு அது வேண்டாம்' எண்டுறா. இப்ப ஒரே சொல்லுத்தான். அந்த மனுசன்ர பெண்சாதியட்டை இதைச் சொல்லவேணும். காலைப் பிடிச்சுச் சொல்லி, அவ என்ன ஏச்சு ஏசினாலும் கேக்கவேணும். அது முடிஞ்சாத்தான் தனக்குத் தொண்டைக்குள்ள தண்ணி இறங்குமாம்."

"அப்ப கூட்டிக்கொண்டு போமன்."

"இந்தக் காலோட, இந்தக் கடலில, அந்த நடைப்பிணத்தை எப்பிடியப்பா லோஞ்சில ஏத்திறது? சோளகம் ஓய்ஞ்சு விழட்டும் எண்டு பாக்கிறன். அதுமட்டும் இருப்பாவோ எண்டுதான் பயம்." சொல்லிவிட்டு அவன் அழுதான். நாம்பன் நெரித்தபோது பகிடி விட்டவன் அழுகிறான். நான் கடைக் கதவைச் சாத்திவிட்டு அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

சோளகம் விழவில்லை. ஆடி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, புங்குடுதீவுப் பக்கமிருந்து லோஞ்சு மாவிலித்துறைக்கு வந்து சேர்ந்தபோது, அதிலிருந்து வெள்ளைச் சீலையோடு ஒரு பெண் இறங்கினாள். வழி முழுக்கக் கடலாட்டத்தில் சத்தியெடுத்து முகம் வெளிறிப் போயிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து என்னுடைய கடை வாசலுக்கு வந்தாள்.

"அண்ணை, ஆழ்வாப்பிள்ளை எண்டு, கால் முறிஞ்சு ஆசுப்பத்திரியில கிடந்தவர். அவையின்ர வீடு எங்கை?"

"நீங்கள் ஆர்?"

"கமலாதேவி. பரமலிங்கத்தின்ர…"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னும் ஏசிறதுக்கு மிச்சமிருக்கோ? அந்தச் சீவன் அரைவாசி செத்துப்போய்க் கிடக்கு. மிச்சத்தையும் எடுக்க வந்தனீங்களோ?" என்று உறுக்கிவிட்டேன்.

"ஐயோ இல்லை அண்ணை. மன்னிப்புக் கேக்க வந்தனான். ஆண்டுத் திவசம் முடியமுன்னம் கடல் கடக்கக்கூடாது எண்டு மாமி ஏசினவ. எனக்கு இருக்கேலாமக் கிடக்கு."

அவளைக் கதிரையில் இருத்தி இளைப்பாற விட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு கூட்டிப் போனேன். காற்று எதிர்க்காற்று. மண் வாரி இறைத்தது. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு டொக்டரிடம் போய்க் கேட்டாளாம், அவர் எல்லாம் விளங்கப்படுத்தினாராம். இப்போது வெள்ளிக்கு வெள்ளி அந்த வாட்டுக்குப் போகிறாளாம்.

"போய் என்ன செய்யிறியள்?"

"யோகம்மாக்கா செய்ததைத்தான். கட்டில் கட்டிலாப் போய்ச் சாப்பிட்டியளோ எண்டு கேக்கிறன். முதல் ரெண்டு தரம் ஒருத்தரும் பேசேல்லை. இப்ப எங்கட ஒழுங்கையில ரெண்டு பொம்பிளையள் என்னோட வருகினம். பக்கத்து வீட்டு அவவும் வாறா. சீதேவி எண்டு பேர்." அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் வெளித்தது. "அரியநாயகம் ஐயாவை ஆசுப்பத்திரியால வீட்டை அனுப்பிட்டினம். அவருக்கும் சோறு கொண்டுபோய்க் குடுக்கிறனாங்கள்."

பட்டினத்து ஆட்களைப் பற்றி நான் வைத்திருந்த கணக்கு அந்த நடையிலேயே பிழையாகிப் போனது. நல்லதாகப் போயிற்று, இன்றைக்கு யோகம்மா பாரத்தை இறக்கி வைத்துவிடுவாள், இவள் ஏசுகிற பெண்ணில்லை, கேட்டு ஆற்றுவாள் என்று எனக்குள் ஒரு சந்தோசம். ஆழ்வாப்பிள்ளை படலையில் எங்களைக் கண்டுவிட்டு, பொல்லு நழுவ நின்றான். பிறகு என்னைப் பார்த்தான். அவனும் அதைத்தான் நினைத்தான், முகத்தில் தெரிந்தது.

யோகம்மா குசினிக்குள் பிட்டுக் குழைத்துக்கொண்டிருந்தாள். கமலாதேவி வாசலில் நின்று, "அக்கா" என்றாள். யோகம்மா மா ஒட்டிய கையோடு எழும்பினாள். கமலாதேவி ஓடிப்போய் அவளுடைய காலடியில் விழுந்தாள்.

"எழும்பும் பிள்ளை, எழும்பும். என்ன வேலை இது." தூக்கி நிமிர்த்தி, பலகையில் இருத்தி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவள் குடித்து முடியும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு எதிரே நிலத்தில் குந்தினாள். "பிள்ளை, உம்மட்டை ஒண்டு சொல்லவேணும் எண்டு நான் கனநாளாய்க் காத்துக்கொண்டிருக்கிறன்."

"முதல்ல நான் சொல்லுறன் அக்கா. சொல்லாட்டில் எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்." கமலாதேவி அவளுடைய மாக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். "அண்டைக்குக் காலமை முழுக்க அவர் என்னட்டைத்தான் அக்கா கேட்டவர். 'கமலா, தண்ணி. கமலா, தண்ணி.' நான் குடுக்கேல்லை. கேக்காத மாதிரி மற்றப் பக்கம் திரும்பி இருந்தனான். ஒருக்கா என்ர கையைப் பிடிச்சார். நான் விடுவிச்சுப்போட்டன். இருவது வருசம் என்னட்டை ஒண்டும் கேளாத மனுசன் அக்கா. கடைசியாக் கேட்டது தண்ணி. அதையும் நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டு வீட்டை போயிட்டன்."

யோகம்மா மற்றக் கையால் அவளுடைய தோளைத் தடவினாள்.

"இரவில கண்ணை மூடினால் அவற்ர குரல்தான். எழும்பி இருப்பன். பேந்து நினைப்பன்: இல்லை, அவர் விடாயோட போகேல்லை. நான் குடாட்டிலும் யோகம்மாக்கா குடுத்தவ. ஒரு செம்பு நிறைய, வயிறாரக் குடிச்சிட்டுத்தான் போனவர் எண்டு. அதை நினைச்ச பிறகுதான் அக்கா எனக்கு நித்திரை வாறது. அந்த ஒண்டைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் சீவிக்கிறன். அந்தக் கையைத்தான் நான் அண்டைக்குப் பிடிச்சு உலுப்பினனான்." அவள் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றினாள். "மெய்தானே அக்கா? வயிறாரக் குடிச்சவர்தானே?"

அடுப்பில் பிட்டுப்பானை கொதித்துத் தளும்பியது. ஒருவரும் இறக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் யோகம்மாவைப் பார்த்தேன். அவளுடைய வெடித்த உதடு திறந்தது, மூடியது.

"ஓம் பிள்ளை" என்றாள்.

"முழுக்கவோ?"

"முழுக்கத்தான். ஒரு செம்பு. ஒரு சொட்டு விடேல்லை."

"குடிச்சிட்டு என்னவும் சொன்னவரோ அக்கா?"

யோகம்மா கமலாதேவியின் தலைமயிரை ஒதுக்கிவிட்டு, குழந்தைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"'காணும் அக்கா, காணும்' எண்டவர். சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினவர்."

"காணும் எண்டவரோ?" கமலாதேவி அவளுடைய மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "காணும் எண்டவரோ… காணும் எண்டவரோ…" என்று அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எத்தனையோ சாவீட்டு அழுகை கேட்டிருக்கிறேன். அது வேறு மாதிரி. அதில் ஒரு ஆறுதல் இருந்தது. ஆழ்வாப்பிள்ளை வெளியே போய் மாட்டுக் கொட்டிலடியில் நின்றுகொண்டான். எனக்கும் அங்கே நிற்க ஏலவில்லை.

அழுது ஓய்ந்து முகம் கழுவிய பிறகு கமலாதேவி கேட்டாள், "அக்கா, நீங்கள் ஏதோ சொல்லவேணும் எண்டியளே?"

"அதொண்டுமில்லைப் பிள்ளை. உம்மைப் பாக்கவேணும் போல இருந்தது, அதைத்தான்."

பிட்டும் தயிரும் போட்டு, மறுக்க மறுக்க இன்னொரு அகப்பை வைத்து, அவளைச் சாப்பிடப் பண்ணினாள். வாட்டில் இருக்கிற ஆக்களுக்கென்று ஒரு போத்தல் நெய்யைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அரியநாயகத்தாருக்கு நெஞ்சுச்சளி, தயிர் குடுத்துப்போடாதையும் என்று சொல்லிவிட்டாள். பின்னேர லோஞ்சுக்கு நாங்கள் மூன்று பேரும் மாவிலித்துறை மட்டும் போனோம். யோகம்மா அவ்வளவு தூரம் நடந்தது எனக்கு அதிசயமாக இருந்தது. கமலாதேவி வந்ததைவிட இலேசாக லோஞ்சில் ஏறினாள். ஏறி நின்று கையைக் காட்டினாள். அன்றிரவு அவள் நன்றாக நித்திரை கொண்டிருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

லோஞ்சு துறையை விட்டு விலகியபோது ஆழ்வாப்பிள்ளையால் பொறுக்க முடியவில்லை.

"ஏனடி யோகம்? இதுக்குத்தானே இவ்வளவு நாளும் கிடந்து செத்தனீ. வீடு தேடி வந்தவளட்டை ஏன் சொல்லேல்லை? அவள் உன்னை ஏசியிருக்கமாட்டாள். அவளே மன்னிச்சிருப்பாள்."

"எனக்குத் தெரியும்" என்றாள் யோகம்மா.

"தெரிஞ்சே பேசாமல் விட்டனீ? ஏனப்பா?"

"அவள் நித்திரை கொள்ளட்டும்."

காற்று யோகம்மாவின் சீலையை இழுத்து இழுத்து அடித்தது. லோஞ்சு அலையில் ஏறுவதும் இறங்குவதுமாகச் சின்னதாகிப் போனது. வா, இருட்டுது, வீட்டை போவம் என்று ஆழ்வாப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்தான். அவள் வரவில்லை. அந்தக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அவளுக்கு இந்த உலகத்தில் ஒரேயொரு ஆள்தான் இருந்தாள், அந்த ஆள் அந்த லோஞ்சில் போய்க்கொண்டிருந்தாள்.